வெப்பத் தகட்டியல்: கழற்றத் தகுவனவும் தகாதனவும்

பாயிரம்

பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்பது மரபு. இந்த நூலுக்கு நான்கு போதும். எல்லை: வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம், தென்மேற்கே கோயம்புத்தூர்ச் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே, இடையே 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். வழி: பட்டறை வாய்மொழி, அது கைவிடும் இடத்தில் கொஞ்சம் இயற்பியல். கேட்போர்: பழைய எஸ்டீம் கார் ஒன்றை “ஆபீஸ் போய்வரத்தான்” என்று வீட்டில் சொல்லி வாங்கி, ஆறாம் மாதம் பின் சீட்டைக் கழற்றிப் பரணில் ஏற்றியவர்கள். பயன்: போன காரிலேயே வீடு திரும்புதல்.

தகடு என்பது யாது

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழி நெடுக, மேனிஃபோல்டு தொடங்கி சைலன்சர் வால் வரை, குழாய்க்கும் அதன் அண்டை அயலுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய உலோகமே தகடு. கம்பெனிக்காரர் இதை ‘ஹீட் ஷீல்டு’ என்பார். மெக்கானிக் ‘தகடு’ என்பார். ஓட்டுபவருக்கு இது ‘அந்தக் கடகட’.

முன்னோர் இதை இரண்டு விதமாக வகுத்தனர். பட்டறையார் இடத்தால் வகுத்தனர்: மேல்தகடு, நடுத்தகடு, வால்தகடு. காரை ரேம்பில் ஏற்றியதும் கண்ணில் படும் வரிசை அது. அதற்கு மேல் அதில் தத்துவம் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் பொருளால் வகுத்தனர்: எஃகு, அலுமினியம். காந்தம் ஒட்டினால் ஒரு விலை, ஒட்டாவிட்டால் வேறு விலை. இவர்கள் வகைப்பாடு பட்டறையார் வகைப்பாட்டைவிடத் துல்லியமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டையும் இந்நூல் ஏற்கவில்லை. தகடு எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்று கேட்பவன் அதைக் கழற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. யாரைக் காக்க நிற்கிறது என்று கேட்க வேண்டும். குழாய்க்குத் தகடு தேவையே இல்லை. அது சிவந்து பழுத்தாலும் தன் வேலையைச் செய்யும். தகடு முழுக்க முழுக்க அயலானுக்காக. எனவே நம் முறைக்கு அயல்வகை என்று பெயர்.

கழற்றுவோர் இயல்

தகடுகளை வகுக்கும் முன் கழற்றுபவர்களை வகுத்துவிடுவது நல்லது. நோயாளியைப் பார்க்கும் முன் கூட வந்தவரை விசாரிப்பது எந்த வைத்தியத்திலும் உண்டு.

முதலாமவர் எடையார். காரிலிருந்து எதைக் கழற்றினாலும் வேகம் கூடும் என்ற கொள்கை உடையவர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.8 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 6.3 கிலோ, அரை மில்லிமீட்டர் அலுமினியம் 1.35 கிலோ. ஒரு சிறு காரின் தகடுகளை எல்லாம் தரையில் விரித்து அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது என்று வைத்துக்கொண்டால், எல்லாமே எஃகாக இருந்தாலும் இரண்டரை மூன்று கிலோ. அலுமினியமாக இருந்தால் அரைக் கிலோ சில்லறை. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. நாலு லிட்டர் குறைத்து ஊற்றினால் அதே பலன், ஸ்பேனர் எடுக்காமலே. எடையாரின் இடுப்பளவைப் பற்றி நூலாசிரியர் இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இரண்டாமவர் ஓசையார். இவரே உண்மையில் பெரும்பான்மை. ஆனால் கேட்டால் தன்னை எடையார் என்றே சொல்லிக்கொள்வார். போல்ட்டின் எஃகும் தகட்டின் அலுமினியமும் மழைநீரில் சேர்ந்து நிற்க நிற்க அலுமினியம் அரிக்கும், ஓட்டை பெரிதாகும், வாஷர் பிடி விடும். அப்புறம் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தொடும்போது மட்டும் தகடு தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடத் தொடங்கும். அந்தச் சுற்றுக்கு மேலும் ஒலிக்காது, கீழும் ஒலிக்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் ஐடிலில் பரம சாதுவாக இருக்கும். இந்த அவமானத்தைத் தாங்காமல் கழற்றுபவர் ஓசையார். இவருக்கு மருந்து நான்கு பெரிய வாஷர்கள்; ஓட்டை முழுதும் போயிருந்தால் குழாயையும் தகட்டையும் சேர்த்துக் கட்டும் ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப். டீக்கடைச் செலவில் முடியும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

மூன்றாமவர் இடமிலார். கம்பெனி மேனிஃபோல்டைத் தூக்கிவிட்டு ஹெடர்ஸ் போட்டவர். புதுக் குழாய்கள் தகடு இருந்த இடத்திலேயே வளைந்து போகின்றன. தகட்டைப் பொருத்தும் காதுகளும் அதில் இல்லை. இவர் தகட்டைக் கழற்றவில்லை, தகட்டுக்குக் குடியிருப்பு இல்லாமல் செய்தார். நால்வரில் இவர் காரணம் ஒன்றுதான் நியாயமானது. இவர் கார்தான் அதிகம் எரிவதும்.

நான்காமவர் விதியார். கழற்றவே இல்லை, தானே விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்றும் தெரியாது.

அயல்வகை

தகடு ஏழு வகைப்படும். மிகக் கீழ்நிலையிலிருந்து தொடங்குவோம்.

கைக்காப்பு: மேனிஃபோல்டின் மேல், பானெட்டைத் திறந்ததும் தெரியும் அழகான தகடு. மெக்கானிக்கின் முழங்கையையும் பானெட்டின் பெயிண்ட்டையும் காப்பது. பந்தயக் காரில் பெயிண்ட் ஒரு பொருட்டல்ல. முழங்கை மெக்கானிக்கின் சொந்த விஷயம். முதலில் கழற்றப்படுவது இதுவே, பெரும்பாலும் தவறில்லை. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு விளக்கம் பின்னால் வரும்.

புற்காப்பு: கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு அடியில் தரையைப் பார்த்து நிற்கும் தகடு. இது காருக்குள் எதையும் காப்பதில்லை. கார் நிற்கும் இடத்தைக் காக்கிறது. சென்னையில் 1995 ஏப்ரல் முதல் விற்ற புதுப் பெட்ரோல் கார்களுக்கு கன்வர்ட்டர் கட்டாயம். அது வேலை செய்யும் சூட்டில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். தார்த் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு இது உபரி என்று தோன்றும். ஆனால் பந்தயக் கார் தடத்தில் மட்டுமா ஓடுகிறது? வளைவில் தவறி, சித்திரை மாதத்துக் கோரையின் மேல் போய் நிற்பதும் பந்தயத்தின் ஒரு பகுதிதான். விதி இடம் கொடுத்து கன்வர்ட்டரையே எடுத்துவிட்ட காரில் இந்தத் தகட்டை எடுப்பதை இந்நூல் தடுக்கவில்லை. கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு தகட்டை மட்டும் எடுப்பது பக்கத்து வயல்காரரோடு தகராறு.

மெய்க்காப்பு: தரைப் பலகைக்கும் குழாய்க்கும் நடுவே, காரின் முதுகெலும்பு நெடுக ஓடும் நீளத் தகடு. காப்பது ஓட்டுநரை. சாதாரணக் காரில் மேலே கம்பளமும் அதன் கீழே தார்ப் பூச்சும் இருப்பதால் ஓட்டுநர் இதை உணர்வதில்லை. எடையார் கம்பளத்தையும் பூச்சையும் முந்தின வாரமே சுரண்டி எடுத்துவிட்டார் என்பதை நினைவில் கொள்க. இப்போது தகடும் போனால், பெயிண்ட் அடித்த ஒரு இரும்புத் தகட்டின் இந்தப் பக்கம் ஷூ, அந்தப் பக்கம் குழாய். இருங்காட்டுக்கோட்டையில் ஏப்ரல் மாதம், தீக்காப்பு உடுப்புக்குள் ஏற்கனவே வெந்துகொண்டிருக்கும் மனிதனுக்கு இது மேற்கொண்டு. அசந்த ஓட்டுநர் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பார். இரண்டரைக் கிலோ மிச்சம் பிடித்த நேரமெல்லாம் ஒரே வளைவில் கரையும்.

இழைக்காப்பு: ஒயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆக்சிஜன் சென்சாரின் வால் ஆகியவற்றைக் காப்பது. இது போனால் கார் ஓடும்போது ஒன்றும் ஆகாது. பிட்டில் நிறுத்தி, மறுபடி சாவி போட்டால் ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கொடுக்கும். பிறகு ஆறினால் தானே சரியாகும். இதைப் பேட்டரி என்று நினைத்துப் பேட்டரி மாற்றியவர்கள் ஒரு தனிப் பிரிவு, விரிவஞ்சி விடுக்கிறோம்.

பாய்காப்பு: பிரேக் ஆயில், ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் உறை, டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் உள்ளிருக்கும் கிரீஸும். ரப்பர் உறை முதலில் கெட்டிப்பட்டு, பின் வெடித்து, உள்ளிருந்த கிரீஸைக் குழாய் மேலேயே தெளிக்கும், கிரீஸ் புகையும். பிரேக் ஆயில் இன்னும் நுட்பமானது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பின் அதே ஆயிலுக்குக் கேட்கப்படும் அளவு 155 மட்டுமே. பழைய காரில், கடைசியாக எப்போது ஆயில் மாற்றினோம் என்று யாருக்கும் ஞாபகமில்லாத நிலையில், மாஸ்டர் சிலிண்டரோ பிரேக் பைப்போ குழாய்க்குப் பக்கத்தில் போகிறது என்றால் அந்தத் தகட்டின் மேல் கை வைக்கக் கூடாது. கொதித்த ஆயிலில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். இந்த வகைக்கு விதிவிலக்கு இல்லை.

எரிகாப்பு: டேங்க், பெட்ரோல் பைப். இதற்கும் விளக்கம் வேண்டுமா?

மூச்சுக்காப்பு: ஏழில் இதுவே சுவாரசியமானது, எடையாரை நேருக்கு நேர் தோற்கடிப்பது. எஞ்சின் இழுக்கும் காற்றையும் கார்புரேட்டரையும் மேனிஃபோல்டின் சூட்டிலிருந்து பிரித்து வைக்கும் தகடு இது. எஞ்சின்கள் இரு குலம். ஒன்றில் காற்று ஒரு பக்கம் நுழைந்து புகை எதிர்ப் பக்கம் போகும். மற்றதில் இரண்டும் ஒரே பக்கம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின் இரண்டாம் குலம்: எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலும் அதுதான், நம் அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அந்தக் குடும்பம்தான். கார்புரேட்டர் மேலே, மேனிஃபோல்டு நேர் கீழே, நடுவில் ஒரே ஒரு தகடு. பெட்ரோலின் இலேசான கூறுகள் நாற்பது டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். தகடு போனால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, எஞ்சின் திணறும். நெடுஞ்சாலையோரம் பானெட்டைத் திறந்து வைத்து, கார்புரேட்டர் மேல் ஈரத்துணி போட்டு, டீ குடித்துக் காத்திருந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு இந்த வகையை விளக்கத் தேவையில்லை.

இன்ஜெக்‌ஷன் கார்களில் கொதிக்கும் தொல்லை குறைவு, ஆனால் மூச்சு மூச்சுதான். 45 டிகிரிக் காற்றை இழுக்கும் எஞ்சின் 60 டிகிரிக் காற்றை இழுக்கத் தொடங்கினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு நாலரை குறைகிறது. அவ்வளவும் அப்படியே சக்தியில் குறையாது என்று வைத்துக்கொண்டாலும், 85 குதிரை எஸ்டீமில் இரண்டு குதிரை லாயத்திலேயே படுத்துவிடும். எடை மிச்சமோ, ஏறக்குறைய 900 கிலோ காரில் இரண்டரைக் கிலோ: நூற்றுக்குக் கால் பங்கை விடச் சற்று அதிகம். வேகத்துக்காகக் கழற்றிய தகடு வேகத்தைத் தின்றது என்பது இதுவே.

இனி, மேலே ஒத்திவைத்த ‘பெரும்பாலும்’. ஒரே தகடு இரண்டு தொழில் பார்ப்பதுண்டு. பார்வைக்குக் கைக்காப்பாக இருப்பது ஓரமாக மடிந்து இறங்கி ஆல்டர்னேட்டர் ஒயரையோ சென்சார் வாலையோ மறைத்து நிற்கும். கழற்றும் முன் தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பதே அயல்வகையின் ஒரே செய்முறைப் பாடம். எஞ்சின் ஆறிய பின் தடவுக.

தடையும் விடையும்

தடை: “நான் தகடில்லாமல் ஆறு மாதம் ஊருக்குள் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லையே?”

விடை: சூடான பொருள் கதிராக வீசும் வெப்பம் அதன் வெப்பநிலையைப் போல் ஏறுவதில்லை, தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் போல் ஏறும். 1879-இல் ஸ்டெஃபான் இதைச் சோதனைகளிலிருந்து கண்டார். சில ஆண்டுகளில் அவர் மாணவர் போல்ட்ஸ்மன் கணித வழியில் நிறுவினார். இருவரும் வியன்னாக்காரர்கள், கிண்டி சிக்னலில் கார் ஓட்டியதில்லை. ஆனாலும் விதி அங்கே செல்லும். ஊருக்குள் 350 டிகிரியில் இருக்கும் குழாய், தடத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் 700 ஆகிறது என்று கொள்வோம். கணக்குத் தெரியாதவர் இரண்டு மடங்கு என்பார். கெல்வினில் அது 623-லிருந்து 973. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் ஏறத்தாழ ஆறு மடங்கு. ஊருக்குள் பிழைத்த ஒயர் தடத்தில் பிழைக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

தடை: “அப்படிப்பட்ட வெப்பத்தை இந்தச் சல்லித் தகடா தடுக்கும்?”

விடை: தடிமனுக்கு இங்கே வேலை இல்லை. தகடு கதிரைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பாததை வாங்கித் தான் சூடாகி, இருபுறமும் பங்கிட்டு வீசுகிறது. கரியைப் போல் கறுத்த ஒரு தகட்டைக் குறுக்கே வைத்தாலே போய்ச் சேரும் கதிர் பாதியாகிவிடும். பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் ஏட்டுக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு. இதில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பளபளப்பு: சேறும் ஆயிலும் படிந்த தகடு கணக்கை மறந்துவிடும். எனவே தகட்டைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டுவது கழற்றியெறிவதை விட உயர்ந்த கலை. இரண்டு, இடைவெளி: கல்லடி பட்டு நசுங்கிக் குழாயைத் தொட்டு நிற்கும் தகடு காவல்காரனாக இருந்து களவுக்கு உடந்தையானது, கதிரைத் தடுத்து, தொட்ட இடம் வழியே வெப்பத்தைக் கடத்தும். மண் தடத்து ராலிக் கார்களில் இந்த நோய் அதிகம்.

தடை: “ஓடும்போது காற்று வீசுகிறதே, அது குளிர்விக்காதா?”

விடை: குளிர்விக்கும், ஓடும்வரை. பந்தயம் முடிந்து காரைப் பிட்டில் நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். குழாயின் சூடு நிற்காது. அப்போதுதான் அயலாரின் வெப்பநிலை உச்சத்துக்கு ஏறும். கார் கொளுத்திக்கொள்வது கொடி அசைந்து, கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் மோர் குடிக்கப் போன பிறகு. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வருவதும், நிறுத்தியதும் பானெட்டைத் திறப்பதும் சடங்கல்ல.

தடை: “விதி என்ன சொல்கிறது?”

விடை: வகுப்புக்கு வகுப்பு மாறும். கம்பெனி கார் எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டிய வகுப்புகளில் தகடும் காரின் ஓர் உறுப்பே. கழற்றியவர் பந்தயத்துக்கு முந்தைய கார்ச் சோதனையான ஸ்க்ரூட்டினியில் மாட்டுவார். மாற்றங்களுக்கு இடம் தரும் வகுப்புகளில் கழற்றலாம். ஆனால் உலக மோட்டார் கூட்டமைப்பின் விதித் தொகுப்பு, சூடான குழாய்களால் தீக்காயம் ஏற்படாதபடி போதிய காப்பு வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவைத்திருக்கிறது. எது போதும் என்பதை முடிவு செய்பவர் ஸ்க்ரூட்டினியர்; அவர் காலை ஏழு மணிக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதும் விதியின் ஒரு பகுதி.

கழற்றும் முறை

கழற்றத் தகுவது எது என்று துணிந்த பின், பத்தாம் நம்பர் ஸ்பேனர். அது எப்போதும் காணாமல் போயிருக்கும், தேடி எடுக்கவும். முந்தின நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விடவும். பதினைந்து வருஷம் வெந்து ஆறிய போல்ட் சுழலாது. தலை வழுக்கும், அல்லது ஒடியும். தரைத் தகட்டில் ஒடிந்தால் போகட்டும். மேனிஃபோல்டின் வார்ப்பிரும்புக்குள் ஒடிந்தால் அந்த வார இறுதி முடிந்தது.

கிரைண்டரை எடுக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. டேங்க் பக்கத்தில் தீப்பொறி கூடாது என்பது ஒன்று. மற்றது: மிகப் பழைய கார்களின் தகடுகளில் இரண்டு உலோக மடிப்புக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வைத்திருப்பதுண்டு. சாம்பல் நிறத்தில் நார் நாராகப் பிரிந்தால் அறுக்காதீர்கள், ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், நனைத்துப் பையில் கட்டுங்கள். நுரையீரலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

போல்ட் வெளியே வந்ததும் அது வேறு எதையும் பிடித்திருந்ததா என்று பார்க்கவும். சில கார்களில் ஹேண்ட்பிரேக் கேபிளின் கிளிப்பும் தகட்டின் காதும் ஒரே போல்ட்டில் இருக்கும். தகடு போனதும் கேபிள் தொங்கிக் குழாய் மேல் படுத்துக்கொள்ளும்.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றை எல்லாம் அடக்குவதற்குப் புறனடை.

தகட்டுக்குப் பதில் குழாயைச் சுற்றும் கண்ணாடி நார் ‘ராப்’ தகடா? ஒரு சாரார் ஆம் என்பர். நூலாசிரியர் அரை மனதோடு ஏற்கிறார்: வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே அடைக்கும், உண்மை, ஆனால் மழைநீரையும் அடைத்து மைல்டு ஸ்டீல் குழாயைத் துருவேற்றும், ஆயில் சொட்டினால் திரியைப் போல் உறிஞ்சி எரியும். ஹெடர்ஸ் போட்ட இடமிலாருக்கு வேறு வழி குறைவு என்பதால் மன்னிக்கலாம். குழாயைக் கவனிக்காமல் அயலானுக்கே உறை போடுவது இதைவிட நல்லது. ஒயருக்கும் பிரேக் பைப்புக்கும் வெப்பம் திருப்பும் சட்டை கடையில் கிடைக்கிறது.

தங்கமும் தகட்டில் சேருமா? சேரும். 1990-களில் வந்த மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறைக்குத் தங்கத் தாள் ஒட்டியிருந்தார்கள். அகச்சிவப்புக் கதிரைத் திருப்புவதில் தங்கத்துக்கு நிகர் குறைவு. சுமார் 16 கிராம் என்பார்கள். அதாவது இரண்டு சவரன். தமிழ்நாட்டில் இந்த வகை பரவ வாய்ப்பில்லை. ஸ்க்ரூட்டினிக்குப் போகும் முன்பே அடகுக்குப் போயிருக்கும்.

கழற்றிய தகட்டை என்ன செய்வது என்பது கடைசி. பழைய இரும்புக்குப் போடக் கூடாது. எஸ்டீம் 2007-இல் உற்பத்தி நின்ற கார். கம்பெனித் தகடு கேட்டால் கடைக்காரர் முதலில் சிரிப்பார், பிறகு வேறு காரின் தகட்டை எடுத்துக் காட்டுவார். கழற்றியதைக் கழுவி, எந்த இடத்துத் தகடு என்று மார்க்கரால் எழுதி, அதன் போல்ட்டுகளை அதன் ஓட்டைகளிலேயே மாட்டி, பரணில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும். பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போகும்போது இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டியிருக்கும்.